ஆறாம் அறைச் சுவரில் ஒரு தாள்

டக்.

சிங்கப்பூரின் கேம்பல் லேன் தையற்கடையில் என் தோள் அளவை முணுமுணுத்துக்கொண்டே தையற்காரர் பேனாவின் தலையை அழுத்தினார். நான்கு நிறங்களை ஒரே வயிற்றில் வைத்திருக்கும் தடித்த பேனா. நீலத்தில் அளவு, சிவப்பில் சென்ற முறை இறுகிப்போன கைக்கான திருத்தம். நீலம் உள்ளே போய்ச் சிவப்பு வெளியே வரும் அந்த ஒரு கணத்துக்கென்று ஒரு சத்தம் இருக்கிறது, நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுப்பதுபோல. வெளியே பூக்கடைக்கார அம்மா யாரோடோ மல்லிகைக்காக மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார். பக்கத்துக் கடையில் பாட்டு ஓடியது. எனக்கு எதுவும் கேட்கவில்லை. ஏழு ஆண்டுகள், ஒரு மருத்துவமனையின் இதயப் பிரிவில், நாள்தோறும் நான் கேட்ட சத்தம் அது. அந்தச் சத்தத்துக்குப் பின்னால் ஓர் அறுவை மருத்துவர் இருந்தார். நான் அவரை டாக்டர் என்று மட்டுமே அழைத்தேன். இங்கேயும் அப்படியே அழைக்கிறேன்.

எனக்கு ஓரிடத்தில் தரிக்காத கால். அச்சகத்தில் பிழை திருத்தினேன், பாலர் பள்ளியில் கதை சொன்னேன், பயண முகவர் கடையில் விசா படிவம் நிரப்பினேன். எங்கும் இரண்டு ஆண்டுக்கு மேல் இருந்ததில்லை. மருத்துவமனையின் முகப்பில் உட்காரப் போனதும் அடுத்த வேலை கிடைக்கும்வரை என்ற நினைப்பில்தான். வரிசை எண்ணைக் கூப்பிடுவது, மறுபடி வர நாள் கொடுப்பது, தமிழ் மட்டுமே தெரிந்தவர் வந்தால் எழுந்து உள்ளே போய் மொழிபெயர்ப்பது. அந்த மூன்றாவது வேலைதான் என்னைக் கட்டிப்போட்டது. ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் காதுக்கு உயிரைத் தூக்கிக்கொண்டு போகிற வேலை அது. வழியில் ஒரு சொட்டு சிந்தினாலும் யாருக்கும் தெரியாது, சிந்தியவளைத் தவிர.

டாக்டரும் தமிழ்ப் பெண்தான். என்னைவிட நான்கைந்து வயது இளையவர். ஆனால் அவருடைய தமிழ் சமையலறையில் பிறந்து சமையலறை வாசலோடு நின்றுவிட்ட தமிழ். "சாப்டீங்களா", "எங்க வலிக்குது", "மாத்திரைய மறந்துட்டீங்களா" வரைக்கும் தங்குதடையில்லாமல் வரும். நெஞ்சைத் திறப்பதைப் பற்றிப் பேச்சு வந்தால் சட்டென்று ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார். "அக்கா, நீங்க உள்ள வாங்க லா. இதுல நான் ஒரு வார்த்த தப்பாச் சொல்லக்கூடாது" என்று கதவைத் திறந்து கூப்பிடுவார்.

அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. அறுவைக்கு வரும் ஒவ்வொருவரிடமும், கையெழுத்து வாங்குவதற்கு முன், ஒரு தாளைத் திருப்பிப்போட்டு அந்த நான்கு நிறப் பேனாவை எடுப்பார். அதே அறுவையைக் கடந்த ஓராண்டில் அவர் கையால் செய்துகொண்டவர்கள் எத்தனை பேரோ அத்தனை சின்னக் கோடுகள். நடந்து வீட்டுக்குப் போனவர்கள் நீலம். பிறகு டக். போகாதவர்கள் சிவப்பு. கோடு போடும்போது பேசமாட்டார். கடைசிச் சிவப்பு விழுந்ததும் தாளை நோயாளியின் பக்கம் தள்ளி, "இது நான் பண்ணினது. வேற யாரோடதும் இல்ல, என்னோடது" என்பார். அதைமட்டும் அவரே தமிழில் சொல்வார்.

பயந்தவர்கள் உண்டு. சிரித்தவர்களும் உண்டு. ஒரு பெரியவர் தைத்த நெஞ்சோடு திரும்பி வந்தபோது, அந்தக் கோடுகளை எண்ணி அதே எண்ணில் 4டி லாட்டரிச் சீட்டு வாங்கியதாகச் சொன்னார். டாக்டர் ஆர்வமாக, "அடிச்சுதா?" என்று கேட்டார். "எங்க டாக்டர்! ஆபரேஷன் மட்டுந்தான் அடிச்சுது" என்றார் பெரியவர். அன்று முழுக்க டாக்டர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

தாள் சுவருக்கு ஏறியது ஒரு தேநீர் வேளையில். எங்கள் பிரிவின் தாதி ஒருவருடைய அம்மாவுக்கு இதய வால்வு மாற்ற வேண்டியிருந்தது. ஊழியர் அறையில் தேநீர் கலக்கிக்கொண்டிருந்த அவர், "உங்க வீட்டு ஆளுன்னா நீங்க யார்கிட்ட போவீங்க?" என்று பொதுவாகக் கேட்டார். அங்கே இருந்த ஐந்து பேரும் ஒரே பெயரைச் சொன்னார்கள். யோசிக்கக்கூட இல்லை. கதவோரம் கோப்பையோடு நின்றிருந்த டாக்டரை யாரும் கவனிக்கவில்லை. அந்தப் பெயர் அவருடையதும் இல்லை.

அறைக்குத் திரும்பும் வழியில் சொன்னார். "பாத்தீங்களா அக்கா, என் பேர ஒருத்தர்கூடச் சொல்லல." எனக்கு முகம் சூடானது. நானும் அந்த ஐவரில் ஒருத்தி. அவரோ அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "சரியாத்தான் சொன்னீங்க, வால்வுக்கு அவர்தான் பெஸ்ட். அது இல்ல விஷயம். இந்த பேன்ட்ரில இருக்கிற எல்லாருக்கும் தெரியுது. வெளிய நம்பர் சீட்ட வச்சிக்கிட்டு உக்காந்திருக்காங்களே, அவங்களுக்கு மட்டும் தெரியல. இது ஃபேரா?"

மறுவாரம் டாக்டர் நோயாளிகளைப் பார்க்கும் ஆறாம் அறைச் சுவரில், நோயாளி உட்காரும் நாற்காலிக்கு நேர் எதிரே, கண் மட்டத்தில், ஒரு தாள் ஒட்டப்பட்டது. நான்கு மொழியில் தலைப்பு. கீழே அவர் கையாலேயே போட்ட கோடுகள், நீலம், சிவப்பு. தமிழ் வாசகம் என்னுடையது. சிவப்புக் கோட்டுக்கு எதிரே 'காலமானவர்கள்' என்று எழுதியிருந்தேன். படித்துக் காட்டச் சொன்னார். "பேப்பர்ல பெரிய ஆளுங்களுக்குப் போடுவாங்களே, அதுவா? வேணாம் அக்கா. வீட்ல சொல்ற மாதிரி போடுங்க." வீட்டில் நாங்கள் சாவைக் குறிக்கும் சொல்லைச் சொல்லவே மாட்டோம் என்று அவரிடம் எப்படி விளக்குவது? வாசற்படியில் நின்று 'போறேன்' என்றால்கூட என் அம்மா பதறுவார், 'போயிட்டு வரேன்' என்று திருத்தச் சொல்வார். அப்படி வளர்ந்த நான், 'இறந்தவர்கள்' என்று எழுதி, நான்கு மூலையிலும் ஒட்டுநாடா ஒட்டினேன்.

பிரிவின் தலைவர் வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தாளை நெடுநேரம் பார்த்தார். மென்மையான மனிதர், குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. நாளைக்கு எல்லோரும் இப்படி ஒட்டவேண்டி வரும் என்றார். அப்புறம் மோசமான நிலையில் வருகிறவரை யார் தொடுவார்கள்? புதிதாக அறுவைக்கு வரும் இளம் மருத்துவருடைய முதல் ஆண்டு கொலைக்கணக்கு மாதிரித் தெரியாதா? வந்தவர் எவ்வளவு முடியாமல் வந்தார் என்று ஒரு கோட்டுக்குச் சொல்லத் தெரியுமா? அவர் ஆங்கிலத்தில் சொன்ன ஒவ்வொன்றும் நியாயமாகவே எனக்குப் பட்டது. போதாததற்கு, அந்த வாரமே ஒரு பெண்மணி தாளைப் படித்துவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டு போனவர் திரும்பவே இல்லை. பழுப்பு நிறக் கைப்பை. எங்கே போனாரோ, பிழைத்தாரோ, இன்றும் நினைத்துக்கொள்வேன். டாக்டர் தலைவரோடு வாதாடவில்லை. "நீங்க சொல்றதெல்லாம் உண்மை. ஒரு வருஷம் இருக்கட்டும், பாப்போம்" என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

டாக்டர் கேட்ட அந்த ஓராண்டு முடிய இரண்டு வாரம் இருக்கையில் வந்தார் இன்னொரு பெரியவர். தஞ்சோங் பகார் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டியவர், எழுபத்தைந்தைத் தாண்டியவர். ஞாயிறுதோறும் மாதா கோயில் பாட்டுக்குழுவில் அடிக்குரலில் பாடுகிறவர் என்று மகள் பெருமையாகச் சொன்னார். மகள் ஜூரோங் தொழிற்சாலைச் சட்டையோடு, பாதி ஷிப்டில் ஓடி வந்திருந்தார். பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தங்கச்சி ரேடியோல பேசுறவங்களா? குரல் அப்படி இருக்கே."

"இல்லைங்கய்யா, நான் வெளிய நம்பர் கூப்பிடுறவ."

"அதுவும் ரேடியோதான். ஒரே ஸ்டேஷன்."

பலவீனமான இதயம், பாதி வேலை செய்யும் சிறுநீரகம், அடைத்துப்போன மூன்று குழாய்கள். டாக்டர் படங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பேனா நீலத்துக்கும் சிவப்புக்கும் மாறி மாறி டக், டக் என்றது. அன்று அவர் தாளைத் திருப்பிப்போடவில்லை. அறுவைக்கு நான் இவரை எடுத்துக்கொள்ள முடியாது, ஆபத்து மிக அதிகம், மருந்தை மட்டும் தொடரலாம் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

நான் பெரியவர் முகத்தைப் பார்த்தேன். "இப்போதைக்கு மருந்தே போதும்னு டாக்டர் சொல்றாங்க" என்றேன்.

ஒரே சொல். போதும். பெரியவரின் முகம் விரிந்தது. எதிர்ச்சுவர்த் தாளை ஓர் எழுத்து விடாமல் வாய்விட்டுப் படித்தார். சிவப்புக் கோடுகள் குறைவாகத்தான் இருந்தன. மகள் பக்கம் திரும்பினார். "பாத்தியா? இவ்வளவு நல்லாப் பண்றவங்களே வேணாங்குறாங்க. அப்ப எனக்குப் பெருசா ஒண்ணும் இல்லடி!" எழுந்து எங்கள் இருவருக்கும் கைகூப்பிவிட்டுப் போனார். அவர் பேசியது சமையலறைத் தமிழ். டாக்டருக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. அவர் முகத்திலிருந்து நிறம் இறங்கியதை நான் பார்த்தேன்.

கடைசி நோயாளி போனதும் என்னை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"அக்கா, நான் 'போதும்'னு சொல்லலையே."

"இல்ல டாக்டர்."

"அப்புறம் ஏன்?"

"அவர் முகத்தப் பாத்தேன். வாய் வரல."

திட்டுவார் என்று நின்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்க ஒரு பொய் சொன்னீங்க. நானும் ஒண்ணு சொன்னேன். உங்களது சின்னது." "போன வருஷம் இதே மாதிரி ஒருத்தர் வந்திருந்தா எடுத்திருப்பேன் அக்கா. கோடு போட்டுக் காட்டி, அவர்கிட்டயே கேட்டிருப்பேன். இன்னிக்கு நான் அவரோட படத்தப் பாத்தும் பாக்கல. அந்தத் தாளத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். இன்னும் ரெண்டு வாரம், ஒரு சிவப்பு விழாம போயிடட்டும்னு."

எத்தனையோ கெட்டிக்காரர்களை நான் அந்த வராந்தாவில் பார்த்திருக்கிறேன். விரல் நுனியில் மின்னல் வைத்திருந்தவர்கள், தூங்காமல் நின்று உயிரை இழுத்து வந்தவர்கள். அவர்களை நினைத்தால் வியப்பு வரும். ஆனால் நெஞ்சு நிமிர்கிற பெருமை எனக்கு இந்த ஒரு மாலையை நினைத்தால்தான் வருகிறது. தலைவர் எச்சரித்தது நடந்துவிட்டது, அதுவும் தாளை ஒட்டியவருக்கே முதலில் நடந்துவிட்டது. அதை யாரும் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடித்திருக்கவும் முடியாது, ஒரு மருத்துவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அவராகவே தன்னைப் பிடித்து, ஒரு முகப்பு எழுத்தர் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்.

"அப்ப தாள எடுத்துடலாமா டாக்டர்?"

"எடுத்தா எனக்கு நல்லா இருக்கும். வெளிய உக்காந்திருக்கறவங்களுக்கு?" தலையை ஆட்டினார். "தாள் தப்பு இல்ல அக்கா, பாதிதான் இருக்கு. நான் பண்ணினது மட்டும் இருக்கு. வேணாம்னு அனுப்பினது இல்ல. அங்கதான் ஒளிஞ்சுக்க முடியுது." பேனாவை என்னிடம் நீட்டினார். "எழுதுங்க."

பேனாவில் அதுவரை நாங்கள் தொடாத நிறம் பச்சை. டக். 'என்னைத் தேடி வந்து, நான் வேண்டாம் என்று அனுப்பியவர்கள்' என்று தாளின் அடியில் எழுதினேன். அதன் எதிரே அவர் பழைய குறிப்புகளைப் புரட்டிப் பச்சைக் கோடுகள் போட்டார். நான் நினைத்ததைவிட அதிகம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பொடி எழுத்தில் காரணம். அன்றைய கோட்டுக்குப் பக்கத்தில் எதுவும் எழுதவில்லை. "இது இங்க இருக்கக் கூடாது" என்றார். "நாளைக்கு அவருக்கு ஃபோன் போடுங்க."

காலையில் கூப்பிட்டேன். "ஐயா, நேத்து ஒரு வார்த்தைய நான் தப்பாச் சொல்லிட்டேன். திரும்ப வரமுடியுமா?"

"எந்த வார்த்த தங்கச்சி?"

"போதும்கற வார்த்த."

"அப்பவே நெனச்சேன்" என்றார். "ரேடியோல தெளிவா வரலயேன்னு."

இந்த முறை டாக்டர் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். உங்களைப்போன்ற நிலையில் பத்துப் பேருக்குச் செய்தால் என்று சொல்லி, இரண்டு விரல்களை மெதுவாக மடக்கினார். செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் சொன்னார். இன்னும் சில மாதம், படிப்படியாக மூச்சு சுருங்கும், படுக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்தபடி தூங்க வேண்டிவரும். நான் ஒரு சொட்டும் சிந்தவில்லை. 'இறந்துபோகலாம்' என்ற சொல்லை என் வாயால், அவர் கண்ணைப் பார்த்துச் சொன்னேன். நேற்றுத் தாளைப் பார்த்துத் தான் தயங்கியதையும் டாக்டர் சொல்லச் சொன்னார். சொன்னேன். மகள் முந்தானை இல்லாத தொழிற்சாலைச் சட்டையின் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பெரியவர் டாக்டரின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். மடங்கிய இரண்டையும் விட்டுவிட்டு, நிமிர்ந்து நின்ற எட்டையும் ஒவ்வொன்றாக எண்ணினார். "தஞ்சோங் பகார்ல கப்பல்மேல ஏத்துறப்ப எங்களுக்கு யாரும் இப்படி வெரல மடக்கிக் காட்டல. ஏறுன்னாங்க, ஏறுனோம். எத்தன பேர் விழுந்தாங்கன்னு எந்தச் செவுத்துலயும் ஒட்டல. நீங்க காட்டுறீங்க. அதுக்காகவே ஏறலாம்."

"அப்பா, யோசிங்கப்பா" என்றார் மகள்.

"யோசிச்சுத்தான் சொல்றேன். ஒக்காந்துக்கிட்டே தூங்குனா அடிக்குரல் எங்கேர்ந்து வரும்?"

அறுவைக்கு அவரைத் தள்ளிக்கொண்டு போன காலையில் நானும் வாசல்வரை போனேன். தள்ளுபடுக்கையில் படுத்தபடி டாக்டரின் சட்டைப்பையைச் சுட்டினார். பேனா அங்கே செருகியிருந்தது. "வந்தா நீலம். வரலன்னா செவப்பு. மறைக்காம போடுங்கம்மா." டாக்டருக்கு நான் தேவைப்படவில்லை. "போடுறேன்" என்று அவரே தமிழில் சொன்னார்.

அறுவை நன்றாகத்தான் முடிந்தது. சிறுநீரகம்தான் திரும்பி வரவில்லை. ஆறாம் நாள் அவர் போய்விட்டார்.

அன்று பிற்பகல் டாக்டர் ஆறாம் அறைக்கு வந்தார். உட்காரவில்லை. டக். பச்சைக் கோடு ஒன்றை அடித்துவிட்டு, மேலே சிவப்பில் ஒன்று போட்டார். பிரிவின் தலைவர் வாசலில் வந்து நின்று, இப்போதாவது எடுத்துவிடலாமே என்று ஆங்கிலத்தில் மெல்லக் கேட்டார். அதில் குத்தல் இல்லை, பரிவுதான் இருந்தது. இப்போதுதான் எடுக்கக்கூடாது என்றார் டாக்டர்.

ஒரு மாதம் கழித்து ஏதோ சான்றிதழுக்காக மகள் வந்தார். வேலை முடிந்ததும் போகாமல் ஆறாம் அறை வாசலில் தயங்கினார். உள்ளே அழைத்துப் போனேன். "அப்பா இதுல எந்தக் கோடு?" என்று கேட்டார். பெயர் கிடையாது, எல்லாம் ஒரே மாதிரிக் கோடுகள். டாக்டர் எழுந்து வந்து தொட்டுக் காட்டினார். மகள் அதன்மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். "மறைக்கல" என்றார். டாக்டரின் கையை ஒரு முறை பிடித்துவிட்டு, ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று போனார். அவர் போன பிறகு டாக்டர் அழுதார், நானும் அழுதேன். பிறகு நான் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து அடுத்த எண்ணைக் கூப்பிட்டேன்.

அந்தத் தாளால் நன்மையே விளைந்தது என்று நான் எழுதமாட்டேன். பழுப்புக் கைப்பைக்காரப் பெண்மணியை நான் மறக்கவில்லை. சிவப்பைப் பார்த்து நல்ல மருத்துவர் ஒருவரைத் தவிர்த்தவர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் அடுத்த ஆண்டு இன்னும் இரண்டு அறைகளில் தாள் ஏறியது. அதில் ஒன்று தலைவருடைய அறை. அவர் தாளில் பச்சைக் கோடுகள்தான் அதிகம். அவரும் அதை மறைக்கவில்லை. ஊழியர் அறைக்குள் மட்டும் சுற்றிக்கொண்டிருந்த அந்த முணுமுணுப்பு, இப்போது நம்பர் சீட்டோடு உட்கார்ந்திருப்பவர்கள் படிக்கிற உயரத்தில் இருந்தது. அந்தச் சுவரின் தமிழ் என்னுடையது. நான் எழுதியதிலேயே அதிகம் பேர் படித்தது அதுவாகத்தான் இருக்கும், என் பெயர் இல்லாவிட்டாலும்.

"வெள்ளிக்கிழம கண்டிப்பாத் தந்துடுறேன்கா" என்றார் தையற்காரர்.

"பத்து ரவிக்க தச்சா எத்தன கெட்டுப்போகும்?"

என்னை உற்றுப் பார்த்தார், பிறகு சிரித்துவிட்டார். "மத்தவங்களோடது தெரியாதுக்கா. உங்களோடது ரெண்டு." பேனாவைத் தட்டி நீலத்துக்கு மாற்றினார். நம்பிக்கையோடு துணியைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அந்த ஏழாம் ஆண்டின் முடிவில் கால் மறுபடி தரிக்காமல் போனபோது, பொங்கோலில் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு பள்ளி நூலகத்தில் வேலை கிடைத்தது. மருத்துவமனையில் என் கடைசி நாளில் டாக்டர் மின்தூக்கிவரை வந்தார். அவர் கை சட்டைப்பைக்குள் பேனாவை டக், டக் என்று அழுத்திக்கொண்டிருந்தது. மின்தூக்கி வந்து கதவு திறந்ததும்தான் கேட்டார்.

"அக்கா, இப்பச் சொல்லுங்க. உங்க வீட்டு ஆளுன்னா எங்கிட்ட வருவீங்களா?"

"வருவேன் டாக்டர். ஆனா தாளப் படிச்சிட்டுத்தான் வருவேன்."

கதவு மூடத் தொடங்கியது. இடைவெளிக்குள் அவர் சிரிப்பு முதலில் வந்தது, பின்னால் குரல்.

"படிங்க லா அக்கா. அதுக்குத்தானே ஒட்டியிருக்கேன்."